மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்

மைக்கக்கா எப்போதுமே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான். உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் நடப்பாள், நடக்க இடமில்லாவிட்டால் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலைமை இன்னும் மோசம். கழுவிக் கவிழ்த்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள், எதற்குத் திறந்தோம் என்று யோசித்து மறுபடி திறந்தாள்.

அவள் கணவர் ஒரு சலவைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவர். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. அதுவும் இப்படிப் போகிறதே என்ற எரிச்சல் அவருக்கு.

"தட்டு தேஞ்சிடப் போகுது. போறதுன்னா போ, இல்லன்னா அந்த டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு. எனக்காவது நிம்மதி."

"போகமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"போறேன்னும் சொல்லலியே!"

டிக்கெட் சாப்பாட்டு மேஜை மேல் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது. மதியக் காட்சி, மூன்றாவது வரிசை, நடு இருக்கை. அனுப்பியவள் நடிகை. ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நடிகை. மேடையை விட்டுத் திரைக்குப் போனவள், இருபது வருஷத்துக்கும் மேலாகி இன்றைக்குத்தான் மறுபடி மேடையேறுகிறாள். அதில் மைக்கக்காவுக்கு என்ன வந்தது என்று கேட்டால், வந்தது எல்லாமே அவளுக்குத்தான். அத்தனை படங்களிலும் அந்த நடிகை வாயை அசைத்தாள், பேசியது மைக்கக்கா. சிரித்ததும் அவள், விக்கியதும் அவள், பிரசவ வலியில் கத்தியதும் அவள். இன்றைக்கு முதல் தடவையாக நடிகை தன் சொந்தக் குரலில், ஆயிரம் பேர் முன்னால் பேசப் போகிறாள்.

அது எடுபட்டுவிட்டால்? அவளுடைய குரலே போதும் என்று சனங்கள் சொல்லிவிட்டால், இத்தனை வருஷம் இவள் இருட்டறையில் நின்று தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எதற்கு? மைக்கக்காவின் நெஞ்சில் இந்த ஒரு கேள்விதான் ஒரு வாரமாக எலி மாதிரிக் குடைந்தது. எடுபடக் கூடாது என்று அவள் மனசு வேண்டிக்கொண்டது. வேண்டிய மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் மறுபடி வேண்டிக்கொண்டாள்.

இருவரும் தொடங்கியது ஒரே இடத்தில். ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்த நீளமான அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழு அது. அந்தக் குழுவின் முதல் நாடகத்தில் ஒரு பெண் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். தாய் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுகிறாள். நடிகைக்கு அதில் வேலைக்காரி வேஷம். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் தட்டை வைத்த விதத்தைப் பார்த்தே நாலு பேர் அவள் யார் என்று விசாரித்தார்கள்.

மைக்கக்காவையும் மேடையில் நிறுத்திப் பார்த்தார்கள். காலை ஒரு நிமிஷம் சும்மா வைக்க முடியவில்லை அவளால். "உனக்கு என்னம்மா, உள்ளங்காலில எறும்புப் புத்தா?" என்று குழுத்தலைவர் தலையில் அடித்துக்கொண்டு, அவளைக் கதவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். அடைத்துக்கொண்ட மகள் மேடைக்கு வருவதே இல்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரல் மைக்கக்கா. பலகைக் கதவின் பின்னால் இருட்டில் நின்று, நாடகம் முழுவதையும் காதாலேயே மனப்பாடம் செய்துவிட்டாள்.

தட்டு வைத்தவளைத் தேடிப் படக்காரர்கள் வந்தார்கள். முகம் பிடித்தது, நடை பிடித்தது, கண் ரொம்பப் பிடித்தது. வாயைத் திறந்ததும் இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்தினார். நடிகையின் குரல் அப்படி. கரகரவென்று, தூங்கி எழுந்த லாரிக்காரர் மாதிரி. "முகத்துக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லியேம்மா" என்றார் அவர். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. "எங்க நாடகத்தில ஒருத்தி இருக்கா. கதவுக்குப் பின்னாடி நிப்பா. அவளைக் கூப்பிடுங்க" என்றாள்.

மைக்கக்கா பிற்பாடு இதைப் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. தன் குரலைத் தானே கையைக் காட்டி மாற்றிக்கொண்டவள் அவள். அப்படிச் செய்ய எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்! அல்லது எவ்வளவு பசி வேண்டும்!

குரல் பதிவு செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் தடித்த துணி ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் அது ஈரநாய் வாசனை அடிக்கும். எதிரே திரையில் நடிகையின் முகம் ஓடும். அந்த உதடு திறக்கும்போது திறந்து, மூடும்போது மூடவேண்டும். ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'காது' என்றே கூப்பிடுவார்கள். முதல் நாளே அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "யாரும்மா உள்ள குதிரை ஓட்டறது?" மைக்கக்காவின் கால்தான். வளையல்களைக் கழற்றச் சொன்னார், செருப்பைக் கழற்றச் சொன்னார், கடைசியில் மைக் முன்னால் ஒரு கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் நிற்கவைத்தார். "இப்ப நீ எவ்வளவு வேணா ஆடிக்கோ. எனக்குக் கேக்காது." அன்றிலிருந்து அவள் மைக்கக்கா. உலகத்தில் அவள் கால் ஆடுவதை யாரும் குறை சொல்லாத ஒரே இடம் அந்தக் கம்பளி.

நடிகை உதட்டைத் திறக்கப் போகிறாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பேசுவதற்கு முன்னால் நடிகையின் முகவாய் ஒரு நெல்லளவு மேலே ஏறும். அதைப் பார்த்ததும் இவள் நெஞ்சு தானாக மூச்சை இழுத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. சாதாரணக் காட்சிகளில் நடிகை படப்பிடிப்பிலும் வாய்விட்டுப் பேசுவாள். அழுகைக் காட்சி என்றால் வெறும் உதடுதான் அசையும், சத்தமே இருக்காது. "என் குரல் என் காதில விழுந்துச்சுன்னா வந்த அழுகையும் ஓடிப்போயிடுது" என்று காதிடம் சொல்லியிருக்கிறாளாம். ஆக, அந்த அழுகையெல்லாம் முழுசாக மைக்கக்காவின் சொத்து.

படங்கள் ஓடின. தயாரிப்பாளர் மைக்கக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியில ரொம்பப் பேசாதேம்மா. தெரிஞ்சுதுன்னா அவங்க பேரு போயிடும்" என்றார். அன்று முதல் கடையிலும் பஸ்ஸிலும் அவள் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். அப்படியும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். "உங்க குரல் அந்த நடிகை மாதிரியே இருக்கே!" என்பார்கள். "அப்படியா? எல்லாரும் சொல்றாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, மீதிச் சாமானை வாங்காமலே நகர்ந்துவிடுவாள். ஒருமுறை சின்னக் குழந்தையாக இருந்த மகளைப் படத்துக்கு அழைத்துப் போனாள். திரையில் நடிகை விம்மி அழுதாள். குழந்தை திரையைப் பார்க்கவே இல்லை. திரும்பி இவள் கன்னத்தைத் துடைத்து, "ஏம்மா அழறே?" என்று கேட்டது. அந்தத் தியேட்டரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அதுதான்.

அப்புறம் அந்தப் பெரிய விருது வந்தது. நீதிமன்றத்தில் நடிகை பேசுகிற நீண்ட காட்சிக்காக. அவளுடைய குரலில் இருந்த விரிசல் நெஞ்சைப் பிளந்துவிட்டது என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். விரிசலாவது ஒன்றாவது! அன்றைக்கு மைக்கக்காவுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருந்தது. விருது விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நடிகையை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் எப்படிப் பேசுவாள்? தலையை மட்டும் குனிந்தாள், கண் கலங்கினாள், இறங்கிப் போனாள். மகிழ்ச்சியில் நடிகை வாயடைத்துப் போனார் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

"வாய்தான் இங்கே அடுக்களையில நின்னுக்கிட்டிருக்கே!" என்றார் கணவர்.

நடிகை போன் செய்தாள். இருவரும் நேரில் சந்திப்பது அபூர்வம். போனில் மட்டும் ஒருத்தியை ஒருத்தி முகம், குரல் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"குரலு, இது நம்ம ரெண்டு பேருக்கும் குடுத்தது."

"அப்ப பாதியை வெட்டி அனுப்பு, முகம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் இருவரும் அதோடு போனை வைத்துவிட்டார்கள்.

காலம் மாறியது. படப்பிடிப்பிலேயே நடிகர்களின் குரலைப் பிடிக்கிற புதிய இயக்குநர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நடிகையைச் சொந்தக் குரலில் பேசவைத்தார். அந்தப் படத்தை முதலில் ஒரு கொட்டகையில் போட்டுப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்ததும் கொட்டகை சிரித்தது. "யார்டா பேசறது, வாட்ச்மேனா?" என்று ஒருவன் கத்தினான். அவசரம் அவசரமாக மைக்கக்காவுக்கு ஆள் விட்டார்கள். மறுபடி கம்பளி, மறுபடி இருட்டு. அன்று திரையில் ஓடிய முகத்தைப் பார்த்து மைக்கக்காவுக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது கால் தரையில் பாவவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு நடிகை படங்களை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஊர் அவளை மறக்கத் தொடங்கிய நேரத்தில் சுவரொட்டி வந்தது. பழைய நாடகம், அதே மூடிய கதவு. இம்முறை தாய் வேஷம் நடிகைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தட்டுகளை மூன்றாம் முறை கழுவ எடுத்தபோது கணவர் அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டார். மைக்கக்கா போனாள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்டால் எழுந்து நடக்கவும் முடியாது. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், இந்தப் பக்கம் மிட்டாய்த் தாளைச் சரசரவென்று பிரிக்கும் ஓர் ஆள். மைக்கக்கா கைப்பையைக் காலடியில் வைத்து அதன் மேல் பாதங்களை வைத்துக்கொண்டாள், சத்தம் வராமல் ஆட்டலாமே என்று.

திரை விலகியது. நடிகை மேடைக்கு வந்து முதல் வார்த்தையைப் பேசினாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கண்ணாடிக்காரப் பெண் தன் தோழியிடம், "உடம்பு சரியில்லையோ? குரல் ஏன் இப்படி?" என்றாள். மைக்கக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நடிகை விடவில்லை. அந்தக் கரகரப்பை வைத்துக்கொண்டே வேலைக்காரியை ஏசினாள், அண்டை வீட்டுக்காரரை விரட்டினாள், ஒருமுறை அரங்கத்தைச் சிரிக்கக்கூட வைத்தாள். சலசலப்பு அடங்கியது. அது அடங்க அடங்க, மைக்கக்காவின் பாதங்கள் பைமேல் இன்னும் வேகமாக ஆடின.

கடைசிக் காட்சி. மேடையில் அந்தக் கதவு மட்டும். தாய் கதவில் தலையைச் சாய்த்தாள். நடிகையின் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் இறங்கியது. ஒத்திகையில் அழுதிருக்கமாட்டாள், அழுகையை வீணாக்காமல் காட்சிக்கென்று சேர்த்துவைப்பது அவள் வழக்கம். அதுதான் வினையாகப் போயிற்று. அழுகை வந்ததும் இத்தனை வருஷப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. முகவாய் நெல்லளவு ஏறியது. உதடு அசைந்தது. முகம் அத்தனை துக்கத்தையும் காட்டியது. சத்தம் வரவில்லை.

உதடு அசைந்துகொண்டே இருந்தது. தான் பேசவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை.

"கதவைத் திற. என்னைத் திட்டறதுக்காவது திற."

தேன் மாதிரி ஒரு குரல், சரியான இடத்தில் உடைந்து, கடைசி உதட்டசைவோடு கச்சிதமாக முடிந்தது. முன்வரிசைகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தன. மிட்டாய்க்காரர் வாயைப் பிளந்தார். அப்போதுதான் மைக்கக்காவுக்குத் தெரிந்தது, பேசியது தான் என்று. நல்லதுக்கும் பேசவில்லை, கெட்டதுக்கும் பேசவில்லை. முகவாய் ஏறியது, வாய் திறந்துவிட்டது. அவ்வளவுதான்.

மேடையில் நடிகை அப்படியே நின்றாள். மெதுவாகத் திரும்பி இருட்டைப் பார்த்தாள். அவள் கை தன் தொண்டைக்குப் போயிற்று. மைக்கக்காவின் பாதங்கள் அசையவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு ஆடாமல் இருந்ததில்லை.

நடிகை கதவுப் பக்கம் திரும்பினாள். உள்ளங்கையால் கதவை ஓங்கி அறைந்தாள்.

"கதவைத் திற!"

அது குரலே இல்லை, சிராய்ப்பு. "என்னைத் திட்டறதுக்காவது... திற!" நடுவில் மூச்சு போதாமல் நின்றது, இருமல் மாதிரி ஒன்று வந்தது, அதையும் தள்ளிக்கொண்டு வார்த்தை வெளியே வந்தது. கண்ணாடிக்காரப் பெண் மூக்கை உறிஞ்சினாள். மிட்டாய்த் தாள் சத்தம் நின்றுபோயிற்று.

மைக்கக்காவுக்கு வயிறு எரிந்தது. தான் பேசியது அழகாக இருந்தது, அதுதான் கோளாறு. மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிற தாய் அவ்வளவு அழகாகப் பேசமாட்டாள். இது இந்த அரங்கத்தில் வேறு யாருக்குத் தெரிந்ததோ இல்லையோ, அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

நாடகம் முடிந்ததும் அவள் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தாள். இந்த நாடகத்துக்கும் ஒலி பார்க்கிற காது வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஓடறே? கூப்பிடறாங்க." ஒப்பனை அறை வாசலில் நாடக இயக்குநரைச் சுற்றி ஒரு கூட்டம். "அற்புதமான உத்தி சார்! குரல் சனங்க நடுவில இருந்து வருது பாருங்க!" என்று யாரோ புகழ, அவர் "ரொம்ப நாள் யோசிச்சோம்" என்று வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். மைக்கக்காவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அம்மா, நீங்க தினமும் வந்து அதே இடத்தில அதைச் சொல்லிடுங்களேன்" என்றார்.

தினமும்! இத்தனை நாள் அவள் ஏங்கியது இதற்குத்தானே. தான் இல்லாமல் முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நடிகை கண்ணாடி முன்னால் பஞ்சை வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "ஏன் பேசினே?"

"உன் வாய் அசைஞ்சுது. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் பேசிட்டேன்னுதான் நினைச்சேன். காதில கேட்டுச்சே! என் குரல்னா எனக்கு உன் குரல்தான் கேக்குது, பாரு என் தலையெழுத்தை." சிரித்தாள், அந்த லாரிக்காரச் சிரிப்பு. அப்புறம் பஞ்சைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொல்லு. நான் தோக்கணும்னுதானே வந்தே?"

மைக்கக்கா அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள். "ஆமா."

"நானா இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன். அந்த இயக்குநர் உன்னைத் தினமும் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டார்."

"வராதே." இதைச் சொல்லிவிட்டு நடிகை எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு மட்டும் வா. அதே சீட்டு. வந்து, வாயைத் திறக்காம உக்காரு. என்னால முடியுதான்னு பார்க்கணும். உன்னாலயும் முடியுதான்னு பார்க்கணும்."

மறுநாளும் வேலைக்குக் கிளம்பும் முன் கணவர்தான் செருப்பை எடுத்து வைத்தார். மைக்கக்கா அன்று தட்டுக் கழுவவில்லை. ஆனால் அரங்க வாசலை மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். கடைசிக் காட்சி வந்தது. கண்ணீர் இறங்கியது. முகவாய் ஏறியது. மைக்கக்காவின் நெஞ்சு மூச்சை இழுத்தது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடுகள் திறந்தன, அவளால் அதை நிறுத்த முடியவில்லை. கதவைத் திற, என்னைத் திட்டறதுக்காவது திற என்று ஒவ்வொரு எழுத்துக்கும் அசைந்தன. அவற்றிலிருந்து சத்தம் வரவில்லை. குரல் மேடையிலிருந்து வந்தது, கரகரவென்று, அவள் உதட்டசைவோடு இம்மி பிசகாமல்.

திரை மூடியபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் கைக்குட்டையை நீட்டினாள்.

"வேண்டாங்க, என்கிட்ட இருக்கு" என்றாள் மைக்கக்கா. தாழ்ந்த குரலில் பேச மறந்துவிட்டாள்.

அந்த அம்மாள் மேடையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "உங்க குரல், அவங்க பழைய படத்தில எல்லாம் பேசுவாங்களே, அதே மாதிரி இருக்குங்க."

"நான்தாங்க அது."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். நம்பவில்லை. மைக்கக்கா கைதட்டுவதற்காக எழுந்து நின்றாள், காலை மாற்றி மாற்றி வைத்தபடி.